எண்ணை எழுதாதீர்கள், உறவை எழுதுங்கள்!

உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது இரண்டு மூன்று ப்ரோகிராம்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றின் விண்டோவையும் வலது ஓரத்தில் மவுஸால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். சிலவற்றில் உள்ளே இருக்கும் பெட்டிகளும் பட்டன்களும் விண்டோவோடு சேர்ந்து விரியும், சுருங்கும். வேறு சிலவற்றில் விண்டோ மட்டும்தான் பெரிதாகும். பட்டன்கள் எல்லாம் இடது மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, மற்ற இடம் காலியாகக் கிடக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? முதல் ப்ரோகிராமை எழுதியவர் "இந்தப் பெட்டி விண்டோவின் அகலத்தில் பாதி இருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். இரண்டாமவர் "இந்தப் பெட்டியின் அகலம் 300" என்று எழுதிவிட்டார். முன்னது உறவு, பின்னது வெறும் எண். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

"எனக்கு ப்ரோகிராமிங் தெரியாதே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எக்செலில் ஒரே ஒரு ஃபார்முலா போட்டிருந்தாலும் இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி தெரிந்தால், உங்கள் வீட்டுக் கணக்கில் சத்தமில்லாமல் நுழையும் ஒரு தவறையும் பிடித்துவிடலாம்.

வழி சொல்வதா, இடம் சொல்வதா?

ஆட்டோவில் ஏறியதும் இரண்டு விதமாகப் பேசலாம். "நேராகப் போங்க, பாங்க் பக்கத்தில் லெஃப்ட் எடுங்க, மூன்றாவது ஸ்பீட் பிரேக்கர் தாண்டி ரைட்" என்று ஒவ்வொரு திருப்பமாகச் சொல்வது ஒரு விதம். "பழைய பஸ் ஸ்டாண்டு போங்க" என்று இடத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வது இன்னொரு விதம்.

கம்ப்யூட்டர் ஸ்கிரீனை அமைப்பதிலும் இந்த இரண்டு விதமும் உண்டு. "முதலில் விண்டோவை வரை, பிறகு பட்டனை வரை, விண்டோவின் அளவு மாறினால் பட்டனை அழித்துவிட்டுத் திரும்ப வரை" என்று படிப்படியாகக் கட்டளையிடுவது பழைய முறை. "ஒரு விண்டோ, அதற்குள் நடுவில் ஒரு பட்டன், பட்டனில் இந்த எழுத்து" என்று முடிவில் ஸ்கிரீன் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் விவரிப்பது இன்னொரு முறை. இதை டிக்ளரேட்டிவ் முறை என்கிறார்கள். வெப் பக்கங்களை எழுதப் பயன்படும் ஹெச்டிஎம்எல் இந்த வகைதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்கிரீன் என்பது சுவரில் மாட்டிய படம் அல்ல. விண்டோ பெரிதாகும், எழுத்தின் அளவு மாறும், மவுஸ் மேலே வந்தால் பட்டனின் நிறம் மாற வேண்டும். வெறும் விவரிப்பில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? இதற்குத்தான் விவரிப்புக்குள்ளேயே சின்னச் சின்னக் கணக்குகளை எழுத அனுமதித்தார்கள். இவற்றை ஸ்கிரிப்ட் எக்ஸ்பிரஷன் என்கிறோம். எண் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கணக்கு எழுதுகிறோம், அவ்வளவுதான்.

முதலில் எக்செலில் பழகுவோம்

எக்செலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கோ திறந்துகொள்ளுங்கள். வீட்டுப் பால் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

பி1 கட்டத்தில் மாதத்தின் நாட்கள்: 30
பி2 கட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்: 2
பி3 கட்டத்தில் ஒரு பாக்கெட் விலை: 25
பி4 கட்டத்தில்: =பி1*பி2*பி3

கட்டங்களின் பெயரை ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். பி4இல் 1500 என்று தெரியும். இப்போது பி1இல் 30ஐ அழித்து 31 என்று மாற்றுங்கள். பி4ஐ நீங்கள் தொடவேயில்லை. ஆனால் அது தானாகவே 1550 ஆகிவிட்டது.

பி4இல் நீங்கள் எழுதியது ஒரு விடை அல்ல என்பதைக் கவனியுங்கள். அது ஓர் உறவு. "நான் எப்போதும் இந்த மூன்றின் பெருக்குத் தொகை" என்று அந்தக் கட்டம் சொல்கிறது. மூன்றில் எது மாறினாலும் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். டான் பிரிக்லின், பாப் ஃப்ராங்க்ஸ்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய விசிகால்க் என்ற ப்ரோகிராம் 1979இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக விற்பனைக்கு வந்தது. கணக்கு வழக்கு பார்ப்பவர்களைப் பர்சனல் கம்ப்யூட்டர் வாங்க வைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இதே யோசனையை ஸ்கிரீனுக்குக் கொண்டுவந்தால்?

பட்டனுக்கும் ஒரு ஃபார்முலா

நார்வே நாட்டில் ட்ரோல்டெக் என்ற நிறுவனம் உருவாக்கிய கியூட் என்ற மென்பொருள் தொகுப்பு ஒன்று உண்டு. 2008இல் நோக்கியா அந்த நிறுவனத்தை வாங்கியது. 2010இல் வந்த கியூட் 4.7 பதிப்பில் கியூஎம்எல் என்ற புதிய மொழி அறிமுகமானது. ஸ்கிரீனை விவரிப்பதற்கான மொழி இது. விவரிப்புக்குள் ஜாவாஸ்கிரிப்ட் கணக்குகளை எழுதலாம். லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப் பயன்படுத்துபவர்கள் தினமும் பார்க்கும் பேனலும் மெனுவும் இந்த மொழியில் எழுதப்பட்டவை. பல கார்களின் டேஷ்போர்டு ஸ்கிரீன்களும் கியூட்டில்தான் ஓடுகின்றன.

கியூஎம்எல் எப்படி இருக்கும் என்று தமிழ்ப் பெயர்களை வைத்தே எழுதிக் காட்டுகிறேன். நிஜத்தில் ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். அகலம் என்ற இடத்தில் விட்த், உயரம் என்ற இடத்தில் ஹைட், தாய் என்ற இடத்தில் பேரன்ட் வரும். தாய் என்றால், எந்தப் பொருளுக்குள் இந்தப் பொருள் இருக்கிறதோ அது.

ரெக்டாங்கிள் {
    அகலம்: தாய்.அகலம் / 2
    உயரம்: 40
}

முதல் வரியைப் பாருங்கள். "என் அகலம், என் தாயின் அகலத்தில் பாதி." நம் பால் கணக்கின் பி4 போலவே இதுவும் ஓர் உறவு. விண்டோவை இழுத்தால் பெட்டியும் கூடவே விரியும். இதற்குப் ப்ராப்பர்ட்டி பைண்டிங் என்று பெயர். இரண்டாவது வரி வெறும் எண். என்ன நடந்தாலும் உயரம் 40தான்.

நிபந்தனையும் போடலாம்.

    நிறம்: மவுஸ்.மேலேயுள்ளது ? "பச்சை" : "சாம்பல்"

மவுஸ் மேலே இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சாம்பல். எக்செலில் இஃப் ஃபார்முலா போடுவீர்களே, அதேதான். மவுஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும், போனால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு தனித்தனிக் கட்டளைகள் எழுத வேண்டியதில்லை.

தமிழுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. தமிழில் மெனு காட்டும் ப்ரோகிராம்களைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? சில பட்டன்களில் "அமைப்புகள்" என்பது "அமைப்பு..." என்று பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். "அச்சு முன்னோட்டம்" என்பதில் "அச்சு மு" மட்டும் தெரியும். சில இடங்களில் எழுத்தின் மேல் சுழியும் கீழ் வளைவும் வெட்டுப்பட்டு, "கி"யா "கீ"யா என்று கண்டுபிடிக்க முடியாது.

மொழிபெயர்த்தவரை நாம் திட்டுகிறோம். பெரும்பாலும் தவறு அவருடையது அல்ல. பட்டனை எழுதியவர், நான்கெழுத்து ஆங்கில வார்த்தை ஒன்றை மனதில் வைத்து "அகலம்: 60, உயரம்: 20" என்று எண்ணை எழுதிவிட்டார். "சேமி" அதற்குள் அடங்கிவிடும். "ரத்து செய்" அடங்காது. நம் எழுத்துகளுக்குக் கொம்பும் சுழியும் இருப்பதால் உயரத்திலும் கூடுதல் இடம் வேண்டும்.

கண் பார்வை மங்கிய பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கினாலும் இதே கதைதான். எழுத்து பெரிதாகும், பட்டன் பெரிதாகாது. யாருக்குப் பெரிய எழுத்து அவசியமோ அவருக்கே வார்த்தை பாதிதான் தெரியும்.

எண்ணுக்குப் பதில் உறவை எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ரெக்டாங்கிள் {
    அகலம்: எழுத்து.இயல்பகலம் + 24
    உயரம்: எழுத்து.இயல்புயரம் + 12
    டெக்ஸ்ட் {
        ஐடி: எழுத்து
        வாசகம்: "அமைப்புகள்"
        நடுவில்: தாய்
    }
}

இயல்பகலம் என்றால் அந்த வார்த்தை வெட்டுப்படாமல் தெரிய எவ்வளவு இடம் வேண்டுமோ அது. கியூஎம்எல்லில் இம்ப்ளிசிட் விட்த் என்பார்கள். வார்த்தைக்கு வேண்டிய இடம், பக்கத்துக்கு 12 புள்ளி காற்றாட இடம், அதுதான் பட்டனின் அகலம். இந்தப் பட்டனில் தமிழ் போட்டாலும் சரி, ஜெர்மன் போட்டாலும் சரி, எழுத்தை இரு மடங்காக்கினாலும் சரி, வார்த்தை முழுதாகத் தெரியும். ப்ரோகிராமை எழுதியவருக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரிய வேண்டியதில்லை!

மிகச் சிறிய வார்த்தை வந்தால் பட்டன் ரொம்பக் குட்டியாகிவிடுமே என்றால், "80, அல்லது எழுத்தின் அகலம் கூட்டல் 24, இரண்டில் எது பெரிதோ அது" என்று எழுதலாம். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு மேத்.மேக்ஸ் என்ற ஃபங்ஷன் தயாராக இருக்கிறது.

1999இல் ஒரு பாடம்

விவரிப்புக்குள் கணக்கு எழுதுவது கியூஎம்எல்லில்தான் முதன்முதலில் வந்தது என்று நினைக்க வேண்டாம். 1999இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, வெப் பக்கங்களின் அழகை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் எக்ஸ்பிரஷன் என்ற வசதியைத் தந்தது. அகலம் என்ற இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் கணக்கை எழுதலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தக் கணக்கை எப்போது திரும்பப் போட வேண்டும் என்பதில் சிக்கல். விண்டோவை இழுத்தால் மட்டுமல்ல, பக்கத்தைச் சுருட்டினாலும், மவுஸை அசைத்தாலும்கூட கணக்கு திரும்பத் திரும்ப நடந்தது. மவுஸை மேஜையில் ஒரு சுற்று சுற்றினால் ஒரே கணக்கு ஆயிரக்கணக்கான தடவை ஓடியது. பக்கம் நகர மறுத்தது. வேகம், பாதுகாப்பு என்று பல காரணங்களைச் சொல்லி, 2009இல் வந்த எட்டாவது பதிப்பின் ஸ்டாண்டர்ட்ஸ் முறையில் மைக்ரோசாஃப்ட் இந்த வசதியை நீக்கிவிட்டது. அந்த ப்ரவுசருக்கே 2022இல் விடை கொடுத்தாகிவிட்டது.

கியூஎம்எல் செய்வது வேறு. ஒரு கணக்கை முதல் தடவை போடும்போது, அதில் எந்தெந்த மதிப்புகளைப் படித்தோம் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒன்று மாறினால்தான் மறுபடி கணக்குப் போடும். மவுஸை எவ்வளவு அசைத்தாலும் தாயின் அகலம் மாறாதவரை பாதி அகலக் கணக்கு நிம்மதியாகத் தூங்கும்.

உறவு அறுந்துபோகும் இடம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பால் கணக்குக்குத் திரும்புங்கள். பி4இல் 1550 இருக்கிறது. "ஐம்பது ரூபாய் தள்ளுபடி கொடுத்துவிட்டார்" என்று பி4இன் மேலேயே 1500 என்று டைப் செய்து என்டர் தட்டுகிறீர்கள்.

பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் ஃபார்முலா போய்விட்டது. அடுத்த மாதம் பாக்கெட் விலையை 27 என்று மாற்றினாலும் பி4 அசையாமல் 1500 என்றே காட்டும். எந்த எச்சரிக்கையும் வராது. பால் கணக்கில் போனது நூற்றுச் சொச்சம். இதுவே கடையின் சம்பளப் பட்டியலாகவோ, அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்துக்கொள்ளும் வாடகைக் கணக்காகவோ இருந்தால்? கணக்கு தவறு என்று யாருக்கும் தோன்றவே தோன்றாது, ஏனென்றால் "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு".

கியூஎம்எல்லிலும் அச்சு அசலாக இதேதான் நடக்கும். பட்டனைக் கிளிக் செய்தால் பெட்டி 100 ஆக வேண்டும் என்று யாரோ இப்படி எழுதுகிறார்:

    கிளிக் செய்ததும்: பெட்டி.அகலம் = 100

கிளிக் செய்த நொடியில் "தாயின் அகலத்தில் பாதி" என்ற உறவு அறுந்துவிடும். அதன்பின் விண்டோவை இழுத்தால் பெட்டி அசையாது. கியூஎம்எல்லில் முக்காற்புள்ளி இரண்டு புள்ளியாக வரும் இடம் உறவு; சமக்குறி வரும் இடம் ஒரே தடவை நடக்கும் வேலை. எக்செலில் சமக்குறிதான் உறவைத் தொடங்கி வைக்கும் என்பதால் இரண்டையும் பழகுபவர்கள் இங்கே குழம்புவது சகஜம்.

இதற்கு மருந்து என்ன? உறவை அறுக்காமல், புதிய நிபந்தனையையும் உறவுக்குள்ளேயே சேர்த்துவிடுவது.

    அகலம்: சுருங்கியது ? 100 : தாய்.அகலம் / 2

கிளிக் செய்தால் அகலத்தைத் தொடாமல், "சுருங்கியது" என்பதை மட்டும் ஆம், இல்லை என்று மாற்ற வேண்டும். பால் கணக்கிலும் இதே வைத்தியம்தான். பி5இல் தள்ளுபடி என்று ஒரு கட்டம் வைத்து 50 என்று எழுதுங்கள். பி4ஐ =பி1*பி2*பி3-பி5 என்று மாற்றுங்கள். அடுத்த மாதம் தள்ளுபடி இல்லையென்றால் பி5இல் 0. ஃபார்முலா பத்திரமாக இருக்கும்.

இன்னும் இரண்டு வம்புகள்

முதலாவது, வட்டக் கணக்கு. "என் அகலம் தம்பியின் அகலத்தைவிட 10 அதிகம்" என்று அண்ணனும், "என் அகலம் அண்ணனைவிட 10 அதிகம்" என்று தம்பியும் சொன்னால் எங்கே போய் முடிவது? கியூஎம்எல் இதைக் கண்டுபிடித்து பைண்டிங் லூப் என்று எச்சரிக்கும். எக்செலில் சர்க்குலர் ரெஃபரன்ஸ் என்று செய்தி வரும். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் 522 என்ற எண்ணோடு பிழை தெரியும். இந்த எண்ணைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். ஏதோ ஒரு கட்டம் சுற்றி வந்து தன்னையே கேட்கிறது என்று பொருள்.

இரண்டாவது, ஓடாத கடிகாரம். எக்செலில் =நவ்() என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் இப்போதைய நேரம் வரும். ஒரு நிமிடம் காத்திருங்கள். நேரம் மாறாது! எஃப்9 அழுத்தினால், அல்லது வேறு கட்டத்தில் எதையாவது மாற்றினால்தான் நகரும். கியூஎம்எல்லிலும் நேரத்தை வெறும் கணக்காக எழுதினால் கடிகாரம் நின்றுவிடும். காரணம் எளிது. ஏதாவது மாறியதாகச் செய்தி வந்தால்தான் கணக்கு திரும்ப நடக்கும். நேரம் யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை. அதனால் நொடிக்கு ஒரு தடவை தட்டி எழுப்ப டைமர் ஒன்றை வைக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

எக்செல் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்றே இவற்றைச் செய்யலாம்.

1. உங்கள் கணக்கு ஃபைலைத் திறந்து, கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு, எண் 1க்கு இடது பக்கம் இருக்கும் கீயைத் தட்டவும். எல்லா ஃபார்முலாக்களும் கண்ணுக்குத் தெரியும். கால்க்கிலும் இது வேலை செய்யும். ஃபார்முலா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண் இருந்தால் அங்கேதான் உறவு அறுந்திருக்கிறது. மறுபடி அதே கீகளைத் தட்டினால் பழையபடி ஆகிவிடும்.

2. நீங்கள் எண் நிரப்பும் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் 1ம் அழுத்தவும். ப்ரொடெக்ஷன் டேபில் லாக்டு என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுக்கவும்.

3. பிறகு ரிவ்யூ டேபில் ப்ரொடெக்ட் ஷீட் கொடுக்கவும். இனி ஃபார்முலா கட்டத்தில் தெரியாமல் யாரும் எண்ணை டைப் செய்ய முடியாது. குழந்தைகள் கம்ப்யூட்டரில் உட்காரும் வீடுகளில் இது கட்டாயம் வேண்டும்.

கியூஎம்எல் பழக விரும்புபவர்கள் கியூட் க்ரியேட்டர் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். அதன் ஓப்பன் சோர்ஸ் பதிப்பு இலவசம். கியூட் தளத்தில் ஒரு அக்கவுண்ட் தொடங்க வேண்டியிருக்கும். டவுன்லோடு பெரியது என்பதால் நல்ல இணைப்பு இருக்கும்போது தொடங்கவும். புதிய கியூட் குவிக் அப்ளிகேஷன் ஒன்றைத் தொடங்கி, மேலே சொன்ன பட்டனை ஆங்கிலப் பெயர்களில் டைப் செய்து ஓட்டிப் பாருங்கள். முதலில் அகலத்தை 60 என்று எழுதி "அச்சு முன்னோட்டம்" என்ற வாசகத்தைப் போடுங்கள். எழுத்து பட்டனுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு 60ஐ எடுத்துவிட்டு உறவை எழுதி மறுபடி ஓட்டுங்கள்.

கேடிஇ பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. இணையத்திலிருந்து இறக்கும் பிளாஸ்மா விட்ஜெட்டுகள் பெரும்பாலும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாகவே இருக்கும். எடிட்டரில் திறந்து படிக்கலாம். தமிழ் வெட்டுப்பட்டுத் தெரியும் இடத்தில் எந்த எண் உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, அந்த எண்ணை உறவாக மாற்றிப் பாருங்கள். சரியாக வந்தால் விட்ஜெட்டை எழுதியவருக்கு அந்த ஒரு வரியை அனுப்பி வையுங்கள். அடுத்த பதிப்பை இறக்கும் எல்லோருக்கும் தமிழ் முழுதாகத் தெரியும்.